சுவிற்சர்லாந்தின் நிலம், வானிலை, மொழிப் பகுதிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுவிற்சர்லாந்துக்கு உறவினரைப் பார்க்க வருவோரும், படிப்புக்காகவோ குடும்ப இணைவுக்காகவோ வந்து குடியேறுவோரும், இந்நாட்டைப் படங்களில் மட்டும் கண்டோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்படுகிறது. நிலம், வானிலை, மொழி மூன்றையும் ஒரே இடத்தில் வைத்ததற்குக் காரணம் உண்டு. இந்நாட்டில் அவற்றுள் ஒன்றைப் பற்றிக் கேட்டால், மற்ற இரண்டையும் தொடாமல் பதில் சொல்ல முடிவதில்லை.

இந்நாடு எவ்வளவு சிறியது?

பரப்பளவு 41,285 சதுர கிலோமீற்றர். இலங்கையின் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. மக்கள்தொகை 90 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆனால் பரப்பளவை மட்டும் வைத்து இந்நாட்டை எடைபோடக் கூடாது. தெற்கே மாகியோரே ஏரியின் கரை கடல்மட்டத்திலிருந்து 193 மீற்றர் உயரத்தில் இருக்கிறது; அதுவே நாட்டின் மிகத் தாழ்ந்த இடம். மொன்தே றோசா மலைத்தொகுதியில் உள்ள டூஃபூர் சிகரம் 4,634 மீற்றர். அதுவே மிக உயர்ந்த இடம். இரண்டுக்கும் இடையே நேர்கோட்டில் 75 கிலோமீற்றர்கூட இல்லை. ஏரிக்கரையில் பனைச் சாதி மரங்கள் காற்றில் அசைந்து நிற்கும் அதே நாளில், அவ்வளவு அருகில் உள்ள சிகரத்தில் ஆண்டு முழுவதும் கரையாத பனி படிந்து கிடக்கிறது.

முழு நாடும் மலைதானா?

இல்லை. நாடு மூன்று பட்டைகளாகப் பிரிகிறது. தெற்கிலும் கிழக்கிலும் பரந்து கிடக்கும் அல்ப்ஸ் மலைப்பகுதி ஏறத்தாழ 60 விழுக்காடு. வடமேற்கு எல்லையை ஒட்டிப் பிறை வடிவில் வளையும் யூரா மலைத்தொடர் ஏறத்தாழ 10 விழுக்காடு. இவை இரண்டுக்கும் நடுவே ஜெனீவா ஏரியிலிருந்து கொன்ஸ்தான்ஸ் ஏரி வரை நீளும் நடுமேட்டுநிலம் எஞ்சிய 30 விழுக்காடு. அந்த நடுமேட்டுநிலத்தில்தான் மக்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வாழ்கின்றனர். சூரிச், பேர்ண், லௌசான், ஜெனீவா எல்லாம் அங்கேதான் உள்ளன. அஞ்சலட்டையில் வரும் சுவிற்சர்லாந்து வேறு, பெரும்பாலானோர் காலையில் எழுந்து வேலைக்குப் போகும் சுவிற்சர்லாந்து வேறு என்பதை முதலில் மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது.

மலைகள் எப்படி உருவாயின? அதைக் கண்ணால் பார்க்கக்கூடிய இடம் ஏதும் உண்டா?

ஆபிரிக்கப் பக்கத்து நிலத்தட்டு வடக்கு நோக்கி நகர்ந்து ஐரோப்பியத் தட்டின்மீது மோதியதில், நடுவில் இருந்த கடலின் அடிப்படிவுகளும் பாறைகளும் மடிந்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி அல்ப்ஸ் ஆயின. கிழக்கே கிளாறுஸ் மாநிலத்தில் எல்ம் என்ற சிற்றூரில் நின்று எதிரே உள்ள மலைமுகட்டைப் பார்த்தால், அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல ஒரு கோடு மலையைக் குறுக்காக வெட்டிச் செல்வது தெரியும். கோட்டுக்கு மேலே உள்ள பாறை 25 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது; கீழே உள்ளதோ 5 கோடி ஆண்டுக்குள் படிந்தது. முதியது மேலேயும் இளையது கீழேயும் இருப்பதற்கு, பழைய பாறைத்தட்டு பல கிலோமீற்றர் தூரம் தள்ளப்பட்டு வந்து புதியதன்மேல் ஏறி உட்கார்ந்ததே காரணம். இப்பகுதி 2008 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதே முகட்டில் மார்ட்டின் துளை என்றொரு ஓட்டை உண்டு. ஆண்டில் இருமுறை, மார்ச் மாதத்திலும் இலையுதிர்காலத் தொடக்கத்திலும், அந்தத் துளை வழியே வரும் சூரிய ஒளிக்கற்றை எல்ம் ஊரின் தேவாலயக் கோபுரத்தில் சில நிமிடங்கள் விழுகிறது. மலை எப்படி மலையானது என்பதைப் பாடநூலின் படத்தைவிட இந்த ஒரு முகடு தெளிவாகக் காட்டும் என்பது என் எண்ணம்.

இங்கே தோன்றும் ஆறுகள் எங்கே போகின்றன?

றைன் வட கடலுக்கும், றோன் மத்தியதரைக் கடலுக்கும், திச்சினோ ஆறு போ நதி வழியாக அத்ரியாட்டிக் கடலுக்கும், இன் ஆறு டான்யூப் வழியாகக் கருங்கடலுக்கும் போய்ச் சேருகின்றன. கிறவுபுண்டன் மாநிலத்தில் மலோயா கணவாய்க்கு அருகே லுங்கின் என்ற மலை இருக்கிறது. அங்கே விழும் மழைத்துளி எந்தப் பக்கம் உருள்கிறது என்பதைப் பொறுத்து, அது வட கடலுக்கோ, அத்ரியாட்டிக்குக்கோ, கருங்கடலுக்கோ போகும்.

முழு நாட்டுக்கும் ஒரே வானிலை அறிவிப்பு ஏன் பொருந்துவதில்லை?

அல்ப்ஸ் ஒரு பெருஞ்சுவராகக் குறுக்கே நிற்பதுதான் காரணம். அத்திலாந்திக் சமுத்திரத்திலிருந்து வரும் ஈரக்காற்று வடபுறத்தில் மோதி மழையாகவும் பனியாகவும் கொட்டும்போது, சுவருக்குத் தெற்கே வானம் தெளிந்திருக்கும். காற்று தெற்கிலிருந்து வரும் நாளில் இது தலைகீழாகிவிடும்.

இதை நேரில் உணர விரும்புவோர் கொத்தார்ட் பழைய பாதையில் செல்லும் தொடருந்தில் ஒருமுறை பயணம் செய்ய வேண்டும். வடக்கு வாசலான கொஷனென் நிலையத்தில் யன்னலை ஈரப்பனி அறைந்துகொண்டிருக்கும். அறிவிப்புப் பலகையில் ஜேர்மன் மொழி. 1882 இல் திறக்கப்பட்ட 15 கிலோமீற்றர் சுரங்கத்தின் இருட்டுக்குள் பத்து நிமிடமளவில் போய் மறுபுறம் ஐரோலோவில் வெளிவந்தால், கண்ணைக் கூசவைக்கும் வெயில் அடிக்கும்; பலகையில் இத்தாலிய மொழி. இப்படி எல்லா நாளும் நடப்பதில்லை. ஆயினும் நடக்கும் நாளில் பெட்டி முழுவதும் ஒரு கணம் பேச்சு நின்று, எல்லோரும் யன்னல் பக்கம் திரும்புவார்கள். 2016 இல் திறக்கப்பட்ட 57 கிலோமீற்றர் நீளமான அடித்தளச் சுரங்கம் பயண நேரத்தைக் குறைத்தது பெரிய வசதிதான். ஆனால் மலையடியாகவே ஊடுருவிச் செல்வதால், அந்தத் திடீர் மாற்றத்தை முன்புபோல நெருக்கமாகக் காண முடிவதில்லை.

தெற்கே லொகார்னோவில் சூரிச்சைவிட ஆண்டு மழைவீழ்ச்சி மிக அதிகம். அதே நேரம் வெயில் அடிக்கும் மணித்தியாலங்களும் அதிகம். சூரிச்சில் தூறல் நாட்கணக்கில் நீடிக்கும். தெற்கில் மழை குறைந்த நாட்களுக்குள் அடித்து ஊற்றிவிட்டு ஓய்ந்துவிடும்.

ஃபோன் காற்று என்பது என்ன? அது வீசும்போது தலையிடிக்கிறது என்கிறார்களே?

தெற்கிலிருந்து வரும் ஈரக்காற்று அல்ப்ஸில் ஏறும்போது குளிர்ந்து, தன் ஈரத்தைத் தென்சரிவில் மழையாக இறக்கிவிடுகிறது. ஈரம் நீராகும்போது வெப்பம் வெளிப்படுவதால், ஏறும் காற்று 100 மீற்றருக்கு ஏறத்தாழ 0.6 பாகை அளவில்தான் குளிர்கிறது. மலைமுகட்டைக் கடந்து வடபுறப் பள்ளத்தாக்குகளுக்குள் உலர்ந்த காற்றாக இறங்கும்போதோ, 100 மீற்றருக்கு 1 பாகை வீதம் சூடேறுகிறது. ஆகவே புறப்பட்ட உயரத்துக்கே திரும்பி வந்தாலும், புறப்பட்டபோது இருந்ததைவிடச் சூடாக வந்து சேர்கிறது. குளிர்கால நடுவில்கூட ஊரி மாநிலத்தின் அல்ட்டோர்ஃப் நகரில் சில மணித்தியாலத்துக்குள் வசந்தம் வந்துவிட்டதுபோல் ஆகிவிடும். வானம் கழுவிவிட்டாற்போல் தெளியும். தொலைவில் உள்ள மலைகள் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டதுபோல் தோன்றும். முகட்டின்மேல் மட்டும் வெண்முகில் ஒரு மதில்போல் அசையாமல் நிற்கும்.

மட்டக்களப்பு, திருகோணமலைப் பக்கத்தவர்களுக்கு இதைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைநாட்டில் மழையைப் பொழிந்துவிட்டுக் கிழக்கே வறண்டு இறங்கி வீசும் கச்சான் காற்றும் இதே வகையைச் சேர்ந்ததுதான். கச்சான் வெக்கை ஆடி மாதத்து வெயிலோடு சேர்ந்து வரும்; இதுவோ உறைபனிக்கு நடுவே வரும். அந்த ஒன்றே வேறுபாடு.

தலையிடி, தூக்கமின்மை, எரிச்சல் ஆகியவற்றுக்கு இக்காற்றைக் காரணம் சொல்லும் வழக்கம் இங்கே மிகப் பரவலானது. நெருப்பைப் பொறுத்தவரை அச்சத்துக்கு உறுதியான காரணம் உண்டு. 1861 மே 10 ஆம் திகதி இரவு கிளாறுஸ் நகரில் பிடித்த தீயை ஃபோன் காற்று வீட்டுக்கு வீடு கடத்தியதில், சுமார் 600 கட்டடங்கள் எரிந்துபோயின. இன்றைய கிளாறுஸின் வீதிகள் சதுரங்கப் பலகைபோல் நேராக இருப்பது அந்தத் தீக்குப் பின் நகரை மீளத் திட்டமிட்டுக் கட்டியதனால்தான். தலைமுடி உலர்த்தும் கருவிக்கும் ஜேர்மன் மொழியில் இக்காற்றின் பெயரே வழங்குகிறது.

ஜெனீவாவில் வீசும் பீஸ் காற்றும் அதுதானா?

இல்லை, முற்றிலும் எதிரானது. பீஸ் வடகிழக்கிலிருந்து வரும் உலர்ந்த குளிர்காற்று. யூராவுக்கும் அல்ப்ஸுக்கும் இடைப்பட்ட வெளி தென்மேற்கே போகப்போக ஒடுங்குவதால், காற்று புனலுக்குள் அகப்பட்டதுபோல் வேகம் கூடி ஜெனீவாவை வந்தடைகிறது. 2012 பெப்ரவரியில் ஏரியின் அலைகளை அது கரைமேல் வீசியடித்ததில், வெர்சுவா கரையோரத்தில் நிறுத்தியிருந்த கார்களும் வாங்கில்களும் மரங்களும் கனத்த பனிக்கட்டியால் மூடப்பட்டுப் போயின.

குளிர்காலத்தில் நாட்கணக்கில் சூரியனையே காணவில்லையே, இது இயல்பா?

நடுமேட்டுநிலத்தில் இருப்பவராயின், இயல்பே. புதிதாக வந்தோரைக் குளிரைவிட அதிகம் வாட்டுவது இந்தச் சாம்பல் நிற வானம்தான் என்று பலரும் சொல்வதுண்டு. அதை நான் முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். ஒக்டோபர் தொடங்கிக் குளிர்காலம் முழுவதும், காற்றில்லாத நாட்களில் கனத்த குளிர்காற்று யூராவுக்கும் அல்ப்ஸுக்கும் நடுவே கிண்ணத்தில் பால் தேங்குவதுபோல் தேங்குகிறது. அதற்கு மேலே உள்ள வெப்பமான காற்று மூடியாக அமைந்துவிட, கீழே மூடுபனி உருவாகி ஒரு வாரமானாலும் கலையாமல் நிற்கிறது.

இதற்கு மருந்து மேலே ஏறுவதுதான். அதற்காகவே வானிலை அறிவிப்பில் மூடுபனியின் மேல்மட்டம் இன்று எத்தனை மீற்றர் என்று தனியாகச் சொல்கிறார்கள். அது 800 மீற்றர் என்று சொன்னால், சூரிச் பிரதான நிலையத்திலிருந்து யூட்லிபேர்க் மலைக்குப் போகும் சிறு தொடருந்தில் ஏறலாம். அதன் உச்சி 870 மீற்றர். முதலில் யன்னலுக்கு வெளியே ஈரச் சாம்பல் நிறம் மட்டுமே தெரியும். பிறகு மரக்கிளைகளில் உறைந்த பனிப்பூக்கள் வெளுக்கத் தொடங்கும். கடைசி வளைவுக்கு அருகே ஒளி மஞ்சளாகி, திடீரென்று நீலவானம் திறக்கும். உச்சியில் நின்று பார்த்தால் நகரம் இருந்த இடத்தில் வெண்கடல். அதற்கப்பால் அல்ப்ஸ் தொடர் முழுவதும் வெயிலில் நிற்கும். பிள்ளைகளைக் கூட்டிச் செல்லுங்கள். கீழே மனம் சோர்ந்திருப்பவர்களையும் கட்டாயம் கூட்டிச் செல்லுங்கள்.

மிகக் குளிரான இடம், மிக வெப்பமான இடம், மிக வறண்ட இடம் எவை?

குளிருக்கு மிக உயர்ந்த சிகரத்தைத் தேடத் தேவையில்லை. யூராவில் வெறும் 1,050 மீற்றர் அளவில் இருக்கும் லா பிறெவீன் என்ற ஊரில் 1987 சனவரி 12 அன்று பூச்சியத்துக்குக் கீழ் 41.8 பாகை பதிவானது. சுற்றிலும் மேடு சூழ்ந்த மூடிய பள்ளம் என்பதால், குளிர்காற்று இறங்கி அங்கேயே தங்கிவிடுகிறது. வெப்பத்துக்கு 2003 ஓகஸ்ட் 11 அன்று தெற்குச் சரிவில் கிறோனோ ஊரில் பதிவான 41.5 பாகைதான் உச்சம்.

வறட்சிக்கு வலே மாநிலம் (ஜேர்மன் மொழியில் வாலிஸ்). வடக்கிலும் தெற்கிலும் 4,000 மீற்றர் சிகரங்கள் அணிவகுக்க, நடுவே ஓடும் றோன் பள்ளத்தாக்கு இருபுறமும் மழைநிழலாகிவிட்டது. சியோன் நகரில் ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீற்றர் மழைதான் பெய்கிறது. கிழக்கே சென்டிஸ் மலையில் அதைப்போல் நான்கு மடங்குக்கு மேல். ஆகவே வலே உழவர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பனியாற்று நீரைச் செங்குத்துப் பாறைகளின் ஓரமாக மரப்பீலிகளில் கொண்டுவந்து, திராட்சைக்கும் புல்வெளிக்கும் பாய்ச்சினர். வாய்க்காலை யார் எத்தனை மணிநேரம் திறக்கலாம் என்ற முறைவைப்பும் இருந்தது. குளத்து நீரை முறைவைத்துப் பாய்ச்சிய ஊர்களில் இருந்து வந்தோர்க்கு இது நன்கு விளங்கும். அந்த வாய்க்காலுக்குப் பள்ளத்தாக்கின் கீழ்ப்பாதியில் பிஸ் என்றும், மேற்பாதியில் சுவோனே என்றும் பெயர். ஏன் இரண்டு பெயர் என்பதற்கான விடை பின்னால் வருகிறது.

என்ன உடுப்புக் கொண்டுவர வேண்டும்?

எந்த மாதமானாலும் ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து கழற்றக்கூடிய உடுப்புகள். யூலையில் சூரிச்சில் 30 பாகை வெயில் அடிக்கும் நாளிலும், 3,454 மீற்றர் உயரத்தில் உள்ள யுங்ஃபிறவ்யொஃக் நிலையத்தில் தடித்த மேலங்கி இல்லாமல் நிற்க முடியாது.

பனியாறுகள் அழிந்துவருகின்றன என்பது உண்மையா? ஊர்களுக்கு ஆபத்து உண்டா?

உண்மை. உலகச் சராசரியைப்போல் ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் இந்நாடு சூடேறிவருகிறது. 2022 ஆம் ஆண்டில் மட்டும் சுவிஸ் பனியாறுகள் தம் கனவளவில் ஏறத்தாழ 6 விழுக்காட்டையும், 2023 இல் 4 விழுக்காட்டையும் இழந்தன. அல்ப்ஸின் மிகப் பெரிய பனியாறான அலெட்ச், ஏறத்தாழ 20 கிலோமீற்றர் நீளத்துக்கு இன்னும் கம்பீரமாகத்தான் கிடக்கிறது. ஆயினும் அதன் இருபுறப் பாறைச்சுவர்களில், பழைய பனிமட்டம் எங்கே இருந்தது என்பதைக் காட்டும் வெளிறிய பட்டை ஆண்டுக்கு ஆண்டு அகன்றுவருவதைக் காணும்போது வயிற்றைப் பிசைகிறது.

ஆபத்தும் கற்பனையன்று. 2025 மே 28 அன்று வலே மாநிலத்தின் லோச்சென்டால் பள்ளத்தாக்கில், மேலிருந்து சரிந்த பாறைகளின் பாரம் தாங்காமல் பிர்ச் பனியாறு உடைந்து விழுந்து, பிளாட்டென் என்ற ஊரின் பெரும்பகுதியைப் புதைத்துவிட்டது. மலையின் அசைவை அளந்துகொண்டிருந்தவர்களின் எச்சரிக்கையால், ஊரவர் சுமார் 300 பேரும் சில நாட்களுக்கு முன்பே வெளியேற்றப்பட்டிருந்தனர். எனினும் ஒருவர் உயிரிழந்தார். வீடுகள், தேவாலயம், மாட்டுத்தொழுவம் எல்லாம் ஒரு பிற்பகலில் போயின.

பனிச்சரிவைப் பொறுத்தவரை 1951 குளிர்காலத்தில் 98 பேர் மாண்டதை இன்றும் மலையூர்களில் நினைவுகூர்கின்றனர். குளிர்காலத்தில் டாவோஸ் நகரில் உள்ள ஆய்வுநிலையம், ஆபத்தை ஒன்று முதல் ஐந்து வரையான படிகளில் நாள்தோறும் அறிவிக்கிறது. மூன்றாம் படி என்றாலே, அனுபவம் இல்லாதவர்கள் குறிக்கப்பட்ட பாதையை விட்டு வெளியே கால்வைக்கக் கூடாது.

நான்கு மொழிகளையும் எல்லோரும் பேசுவார்களா?

இல்லை. ஒரு பால் பெட்டியில் மூன்று மொழிகளும், ஒரு பணத்தாளில் நான்கு மொழிகளும் அச்சாகியிருப்பதைப் பார்த்து அப்படி எண்ணிவிடுகிறார்கள். மக்களில் ஏறத்தாழ 62 விழுக்காட்டினர் ஜேர்மனையும், 23 விழுக்காட்டினர் பிரெஞ்சையும், 8 விழுக்காட்டினர் இத்தாலியத்தையும், அரை விழுக்காட்டினர் றோமான்ஷையும் தம் முதன்மை மொழியாகக் கூறுகின்றனர். கன்ரோன் எனப்படும் 26 மாநிலங்களில் 17 ஜேர்மன் மொழியன, ஜெனீவா, வோ, நொஷத்தெல், யூரா நான்கும் பிரெஞ்சு, திச்சினோ இத்தாலியம், பேர்ண், பிறிபூர்க், வலே மூன்றும் இருமொழி, கிறவுபுண்டன் ஒன்றே மும்மொழி. வெவ்வேறு பகுதியைச் சேர்ந்த இளைஞர் இருவர் சந்தித்தால் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வதையும் இன்று காணலாம்.

மலைகள்தாம் மொழிகளைப் பிரித்தனவா?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கொத்தார்ட் சுரங்கத்தைக் கடந்தவர்களுக்கு அது உறுதியாகிவிட்டதுபோலவும் தோன்றும். ஆனால் பாதிதான் உண்மை. நாட்டின் மிக முக்கியமான மொழி எல்லை ஜேர்மனுக்கும் பிரெஞ்சுக்கும் இடையிலானது. அதன் நடுப்பகுதியில் மலையே இல்லை. யூராவிலிருந்து இறங்கி நடுமேட்டுநிலத்தைக் குறுக்காகக் கடந்து, பீல் என்றும் பியன் என்றும் இருபெயர் கொண்ட நகருக்குள்ளும், பிறிபூர்க் நகரின் சரின் ஆற்றங்கரையிலும் புகுந்து, அல்ப்ஸை ஏறிக் கடந்து மறுபுறம் றோன் பள்ளத்தாக்கின் தரையில் இறங்குகிறது அந்த எல்லை. உருளைக்கிழங்கைத் துருவிப் பொரிக்கும் உணவின் பெயரால் அதை 'றோஸ்டி அகழி' என்பார்கள். அகழி என்று ஒன்றும் அங்கே கிடையாது. மாட்டுத்தொழுவம், சோளக்கொல்லை, மறுபடியும் மாட்டுத்தொழுவம்; முதல் ஊரில் ஜேர்மன் பேசுவார்கள், அடுத்த ஊரில் பிரெஞ்சு.

வலே மாநிலத்தில் இது இன்னும் வியப்பாக இருக்கும். ஒரே பள்ளத்தாக்கு, ஒரே ஆறு, ஒரே வெயில், ஒரே திராட்சை. ஆனால் சியேர் நகருக்குச் சற்றுக் கிழக்கே றஸ்பீ என்ற சிற்றோடை வந்து சேரும் இடத்தில், ஃபீன் காட்டின் பைன் மரங்களுக்கு நடுவே மொழி மாறிவிடுகிறது. ஆற்றின் பெயர்கூட மேற்பாதியில் றொட்டன், கீழ்ப்பாதியில் றோன். வாய்க்காலுக்கு இரண்டு பெயர் வந்ததும் இதனால்தான். இந்த எல்லையை வகுத்தது குடியேற்ற வரலாறு. உரோமப் பேரரசு தளர்ந்த பின் மேற்கே குடியமர்ந்த பர்கண்டியர் அங்கிருந்தோரின் இலத்தீனை ஏற்றுக்கொண்டனர். வடக்கிலிருந்து மெல்ல மெல்லப் பரவிய அலமான்னியர் தம் மொழியை விடவில்லை. இரு சாராரும் சந்தித்த இடமே எல்லையாயிற்று.

கணவாய்கள் மொழிகளைக் கடத்தியும் இருக்கின்றன. வலேயின் ஜேர்மன் மொழி பேசிய வால்சர் மக்கள் 13 ஆம் நூற்றாண்டளவில் மாடுகளோடு உயர்ந்த கணவாய்களைத் தாண்டிக் குடியேறினர். இத்தாலியம் பேசும் திச்சினோவின் நடுவே 1,500 மீற்றர் உயரத்தில் உள்ள பொஸ்கோ கூரின் என்ற ஊரின் மரபுமொழி அதனால் ஜேர்மன் ஆயிற்று. மலைவாழ் மக்களுக்குக் கணவாய் ஒரு தெரு. ஆகவே இந்நாட்டு வரைபடத்தில் சிகரங்களை விட்டுவிட்டு, பள்ளத்தாக்குகளையும் கணவாய்களையும் பின்தொடர்ந்து பார்த்தால்தான் மொழிகள் கிடக்கும் கிடை விளங்கும்.

வகுப்பில் படித்த ஜேர்மன் தெருவில் ஏன் உதவுவதில்லை?

தெருவில் பேசப்படுவது சுவிஸ் டொச் என்பதால். எழுதுவதும் பாடசாலையில் கற்பிப்பதும் பொதுஜேர்மன். வீட்டிலும் கடையிலும் வேலையிடத்திலும் வாயில் வருவது அந்தந்த ஊரின் வழக்கு. தமிழர் இதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. 'வந்துகொண்டிருக்கிறார்' என்று எழுதினாலும், யாழ்ப்பாணத்து வீட்டில் எவரும் அப்படிப் பேசுவதில்லை. 'வாறார்' என்றுதான் சொல்கிறோம். இரண்டையும் கலக்காமல் எந்த இடத்தில் எது என்று அறிந்து கையாளும் பழக்கம் நமக்குப் பிறவியிலேயே உண்டு.

வேறுபாடு ஒன்று உண்டு. இங்கே பேச்சுவழக்கைப் படிக்காதவர் பேச்சென்று எவரும் இகழ்வதில்லை. பேராசிரியரும் வங்கி அதிகாரியும் குப்பை அள்ளுபவரும் ஒரே வழக்கில் பேசிக்கொள்வார்கள். ஜேர்மன் மொழிப் பொதுத் தொலைக்காட்சியில் இரவுச் செய்தி பொதுஜேர்மனில் வாசிக்கப்படும். அது முடிந்ததும் சூரிச்சில் உள்ள தொலைக்காட்சி நிலையத்தின் கூரைமேல் நின்று வானிலை சொல்பவர் ஊர்வழக்கில் பேசத் தொடங்கிவிடுவார். மழையையும் வெயிலையும் வீட்டு மொழியில் சொல்வதே இயல்பு என்று அவர்கள் கருதுவதை நான் மிகவும் மதிக்கிறேன். கேட்டுப் பழக, நாள்தோறும் அந்தச் சில நிமிடங்களைப் பாருங்கள். சொற்கள் திரும்பத் திரும்ப வரும்; படமும் கூடவே இருக்கும்.

வழக்குகளும் ஊருக்கு ஊர் மாறும். சூரிச்சில் வணக்கத்துக்கு 'குறூயெட்சி', பேர்ணில் 'குறூயெஸ்ஸெஃ'. வலேயின் மேற்பள்ளத்தாக்குப் பேச்சு சூரிச்காரருக்கே எளிதில் பிடிபடாது. நன்றிக்குப் பலர் 'மெர்சி' என்றே சொல்வர், ஈருருளிக்கு 'வேலோ'. இரண்டும் பிரெஞ்சிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டவை.

இங்குள்ள பிரெஞ்சு பிரான்சின் பிரெஞ்சிலிருந்து வேறுபட்டதா?

மிகச் சிறிதளவே. எண்ணுவதில் மட்டும் நமக்கு ஆறுதல் தரும் வேறுபாடு உண்டு. பிரான்சில் எழுபதை 'அறுபது பத்து' என்றும், தொண்ணூறை 'நான்கு இருபது பத்து' என்றும் சொல்வார்கள். இங்கே எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் செப்தாந்த், நொனாந்த் என நேரான சொற்களே உண்டு. எண்பதுக்கு வோ மாநிலத்தில் உய்தாந்த். ஜெனீவா, நொஷத்தெல், யூரா மாநிலங்களில் எண்பதுக்கு மட்டும் பிரான்சின் முறையே வழங்குகிறது.

றோமான்ஷ் எப்படிப்பட்ட மொழி? அது நிலைக்குமா?

கி.மு. 15 இல் உரோமர் இப்பகுதியைக் கைப்பற்றியபோது வந்த பேச்சு இலத்தீனின் வழிவந்த மொழி அது. கிறவுபுண்டன் மாநிலத்தின் பள்ளத்தாக்குகளில் ஒதுங்கி உயிர்பிழைத்தது. அதன் தலைநகராக விளங்கியிருக்கக்கூடிய கூர் நகரம் 1464 இல் எரிந்து, மீளக் கட்ட வந்த ஜேர்மன் மொழிக் கைவினைஞரால் மொழி மாறிப்போயிற்று. நகரம் இல்லாத மொழியாக அது நின்றதால், பள்ளத்தாக்குக்கு ஒன்றாக ஐந்து எழுத்துவழக்குகள் உருவாயின. 1982 இல் அவற்றுக்குப் பொதுவான எழுத்துவழக்கு ஒன்று அமைக்கப்பட்டது. அரசு அலுவல்களில் அது பயன்பட்டாலும், பாடசாலைகளில் அதைப் புகுத்தியபோது தத்தம் பள்ளத்தாக்கின் வழக்கை விடப் பல ஊர்கள் மறுத்துவிட்டன. பொதுமொழி இல்லாவிட்டால் மொழி மெலியும். ஊர்வழக்கைப் பறித்தால் மொழியின் உயிர் போகும். இரு தரப்பின் கவலையும் நியாயமானதே.

1938 பெப்ரவரி 20 அன்று நடந்த வாக்கெடுப்பில், நாட்டின் ஆண்களில் (அக்காலத்தில் பெண்களுக்கு வாக்குரிமை இல்லை) வாக்களித்தோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் றோமான்ஷைத் தேசிய மொழியாக ஏற்றனர். அது இத்தாலியத்தின் ஒரு கிளைவழக்கே என்று எல்லைக்கு அப்பாலிருந்து உரிமை கோரப்பட்ட காலம் அது. இன்று அதை முதன்மை மொழியாகக் கொண்டோர் சுமார் 40,000 பேர். வானொலி, தொலைக்காட்சி, பாடநூல் எல்லாம் உண்டு. ஆனால் இளையோர் படிப்புக்கும் வேலைக்கும் சூரிச்சுக்கு இறங்கிவிடுகின்றனர். சட்டத்தால் ஒரு மொழிக்கு மதிப்பைத் தர முடியும். அதைப் பேசும் பிள்ளைகளை ஊரில் இருத்திவைப்பது வேறு பாடு.

எங்கள் பிள்ளைகள் எந்த மொழியில் படிப்பார்கள்? நாங்கள் தெரிவுசெய்யலாமா?

அரச பாடசாலையில் தெரிவுக்குப் பெரும்பாலும் இடமில்லை. வாழும் இடத்தின் மொழியே பாடசாலை மொழி. சூரிச்சிலிருந்து லௌசானுக்கு வீடு மாறினால் பிள்ளை பிரெஞ்சுக்கு மாறியே ஆகவேண்டும். ஆகவே வேலை மாற்றத்தைப் பற்றி யோசிப்போர், பிள்ளையின் வயதையும் கூடவே யோசிக்க வேண்டும். பத்து வயதுக்குள் என்றால் விரைவில் பிடித்துக்கொள்வார்கள். பதின்மூன்று, பதினான்கில் மாற்றினால் தொழிற்கல்விக்கோ உயர்தரத்துக்கோ போகும் வழியில் தடை ஏற்படலாம்.

1980 களிலிருந்து இலங்கையில் போர் துரத்த இங்கே வந்த தமிழர்களுக்கு இது நன்றாகத் தெரியும். புகலிடம் கோரியோரை மக்கள்தொகை விகிதப்படி மாநிலங்களுக்குப் பிரித்து அனுப்புவது இந்நாட்டு நடைமுறை. கையில் தந்த ஒரு தாளில் எந்த மாநிலத்தின் பெயர் எழுதியிருந்ததோ, அதுவே பிறக்கப்போகும் பிள்ளைகளின் மொழியையும் எழுதிவிட்டது. அண்ணன் குடும்பம் பேர்ணில், தம்பி குடும்பம் லௌசானில், தங்கை லுகானோவில் என்று அமைந்த வீடுகள் பல.

அத்தகைய குடும்பங்கள் கோயில் தேர்த் திருவிழாவுக்கோ சாமத்தியச் சடங்குக்கோ ஒன்றுகூடும்போது, மச்சான் மச்சாள்மார் ஒருவரையொருவர் பார்த்துச் சற்றுத் தயங்கி நிற்பதைக் காணலாம். ஒருவருக்குச் சுவிஸ் டொச், ஒருவருக்குப் பிரெஞ்சு, ஒருவருக்கு இத்தாலியம். மூத்தவர்கள் ஆங்கிலத்தை இழுத்துப் பார்ப்பார்கள். ஆறு, ஏழு வயதுச் சின்னவர்களுக்கு அதுவும் இன்னும் வந்திராது. பிறகு ஒரு குழந்தை, "நீ என்ன விளையாடுவாய்?" என்று தமிழில் கேட்கும்.